நெட் கெல்லியைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? – புஷ்ரேஞ்சர் கதைகள் பற்றிய இழை

#1 புங்கை

ஆஸ்திரேலியக் காட்டில் ஒளிந்திருந்து கொள்ளையடித்த புஷ்ரேஞ்சர்களைப் பற்றி இரண்டு வேலை ஒரே சமயத்தில் ஓடுகிறது. ஒன்று, ஆஸ்திரேலியாவில் வளரும் ஒன்பது பத்து வயதுத் தமிழ்ப் பிள்ளைகளுக்கான சிறு நூல். இன்னொன்று பெரியவர்களுக்கான கட்டுரைத் தொடர். பெரியவர்களுக்கானது ஒருவழியாக நகர்கிறது. பிள்ளைகளுக்கானதில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

இங்குள்ள பிள்ளைகளுக்குப் புஷ்ரேஞ்சர்களில் பெயர்போன நெட் கெல்லியைத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. மெல்பர்னிலிருந்து சிட்னிக்குக் காரில் போனால் க்ளென்ரோவனில் ஆறு மீட்டர் உயரச் சிலையாகத் துப்பாக்கியும் இரும்புத் தலைக்கவசமுமாக நிற்கிறான். 2000 சிட்னி ஒலிம்பிக்ஸ் தொடக்க விழாவிலும் அந்தத் தலைக்கவசம் வந்தது. "இவன் யாரும்மா, நல்லவனா கெட்டவனா?" என்று பின் சீட்டிலிருந்து கேள்வி வரும். அந்தக் கேள்விக்காகத்தான் இந்த நூல்.

முதல் அத்தியாயம் இப்படித் தொடங்குகிறது:

"அவெனல் என்ற சின்ன ஊர். அங்கே ஹ்யூஸ் ஓடை. ஒரு நாள் ஏழு வயது ரிச்சர்ட் ஷெல்டன் ஓடையில் விழுந்துவிட்டான். மழைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. கரையில் நின்ற இன்னொரு பையன் யோசிக்கவே இல்லை, குதித்துவிட்டான். அவனுக்கும் பத்துப் பதினொரு வயதுதான் இருக்கும். ரிச்சர்டின் அப்பா அம்மா அவனுக்குப் பச்சைப் பட்டில் ஓர் இடைக்கச்சை கொடுத்தார்கள். அதன் ஓரத்தில் தங்க நிறக் குஞ்சம் தொங்கியது. அந்தப் பையன் பெயர் நெட்."

இதுவரை சிக்கல் இல்லை. அப்பா ஜான் கெல்லி இரண்டு பன்றி திருடியதற்காக அயர்லாந்திலிருந்து கப்பலேற்றப்பட்டவர் என்பதையும் சொல்லிவிட்டேன். அடுத்து 1878 அக்டோபர் 26, ஸ்ட்ரிங்கிபார்க் ஓடை. மூன்று போலீஸ்காரர்கள் செத்த இடம். பதிப்பாளர் பக்கத்திலிருந்து, "அதை ஒரு வரியில் தாண்டிவிடுங்கள், கவசத்துக்குப் போய்விடலாம்" என்கிறார்கள். தாண்டலாமா?

#2 சுண்டெலி

படம் போடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், எல்லாரும் கவசத்துக்குத்தான் ஓடுகிறார்கள். அட்டையில் கவசம், உள்ளே கவசம், கடைசிப் பக்கத்தில் வெட்டி ஒட்டக் காகிதக் கவசம். ஆனால் அது எதில் செய்தது என்பதை யாரும் வரைவதில்லை.

உழுகிற கலப்பையில் மண்ணைப் புரட்டித் தள்ளும் வளைந்த இரும்புப் பலகை இருக்கிறதல்லவா, அதைக் கழற்றி, நெருப்பில் காய்ச்சி, அடித்து வளைத்துச் செய்தது. நெட்டின் கவசம் சுமார் 44 கிலோ. உங்கள் வாசகப் பிள்ளையைவிட எடை அதிகம்! மார்பு, முதுகு, தொடைக்கு முன்னால் ஒரு தகடு, தலைக்கு ஒரு உருளை, கண்ணுக்கு ஒரு கீறல். கைக்கும் முழங்காலுக்குக் கீழேயும் ஒன்றுமில்லை. க்ளென்ரோவனில் நடந்த கடைசிச் சண்டையில் போலீஸ் அங்கேதான் சுட்டார்கள், அதனால்தான் விழுந்தான்.

முதலில் ஒரு கலப்பையைப் பக்கம் முழுக்கப் போடுங்கள். அடுத்த பக்கத்தில் அதே இரும்பு வளைந்து நிற்கட்டும். உழவுக் கருவி எப்படி இப்படி ஆயிற்று என்று பிள்ளையே கேட்கும். உங்கள் கதைக்கான கேள்வி அதுதான், "நல்லவனா கெட்டவனா" இல்லை.

#3 வன்னியூரான்

புங்கை அக்கா, நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் நிண்டு கதைக்கிறன், கோவிக்க வேண்டாம்.

மான்ஸ்ஃபீல்ட் நகரத்தின் நடு ரவுண்டபவுட்டில் ஒரு நினைவுத்தூண் இருக்கு. கென்னடி, லோனிகன், ஸ்கேன்லன் எண்ட மூண்டு பெயர். சார்ஜன்ட் மைக்கேல் கென்னடிக்கு ஐந்து பிள்ளைகள், தாமஸ் லோனிகனுக்கு நாலு பிள்ளைகள். பச்சைக் கச்சையைப் பற்றி ஒரு அத்தியாயம் எழுத முடியுமெண்டால், தகப்பன் வீட்டுக்கு வராத அந்த ஒன்பது பிள்ளைகளைப் பற்றி ஒரு பக்கமாவது எழுத வேண்டாமோ? உங்கட வாசகருக்கும் அதே வயதுதானே.

காயப்பட்டுக் கிடந்த கென்னடியைக் கிட்ட வந்து நெஞ்சிலை சுட்டவன் நெட். வேதனையைக் குறைக்கச் சுட்டதாகப் பிறகு சொன்னான். மேலங்கியால் உடலை மூடினான், கைக்கடிகாரம் வராத அந்தக் காலத்துச் சட்டைப்பைத் தங்கக் கடிகாரத்தை எடுத்துக்கொண்டும் போனான். ஓடைக்குள் குதிச்ச பெடியனும் இவன்தான். ஒண்டைச் சொல்லி மற்றதை மறைச்சால் அது கதையில்லை, விளம்பரம்.

#4 பழையபேப்பர்

வன்னியூரான் சொல்வதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் எதிர்ப்பக்கத்திலும் அதே பொறி இருக்கிறது. "மூன்று பேரைக் கொன்ற திருடன்" என்று நிறுத்தினாலும் பாதிக் கதைதான்.

தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தில் அந்தக் காலப் பத்திரிகைகளை இலவசமாகவே படிக்கலாம். அதில் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க முடியாது, எச்சரித்துவிட்டேன். அதைப் படிக்கும்போது முதலில் உறைப்பது நிலம். 1860களில் கொண்டுவந்த சட்டங்கள், பெரும் மேய்ச்சல்காரர்கள் வளைத்துப் போட்டிருந்த நிலத்தில் சின்னத் துண்டுகளை ஏழைகள் எடுத்துக்கொள்ளலாம் என்றன. நல்ல ஆற்றோர மண் ஏற்கெனவே பெரியவர்கள் கையில். சின்னவர்களுக்குக் கிடைத்தது கல்லும் மரமும். வேலி போட வேண்டும், உழ வேண்டும், தவணை கட்ட வேண்டும். தப்பி மேய்கிற மாட்டைப் பட்டியில் அடைத்து அபராதம் கேட்பார்கள். இந்தப் பகைக்குள் போலீஸ் யார் பக்கம் நின்றது என்று அந்தக் குடும்பங்கள் நினைத்தன என்பது முக்கியம். கெல்லி வீட்டாருக்கு நிஜமாகவே குதிரைத் திருட்டு வரலாறும் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது.

1878 ஏப்ரலில் கான்ஸ்டபிள் ஃபிட்ஸ்பாட்ரிக் அவர்கள் வீட்டுக்குப் போனார். உள்ளே என்ன நடந்தது என்பதற்கு ஆளுக்கொரு வாக்குமூலம். விளைவு மட்டும் தெளிவு: அம்மா எலன் கெல்லிக்கு மூன்று வருடம், கையில் பச்சைக் குழந்தையோடு சிறை. தீர்ப்பளித்தவர் ரெட்மண்ட் பாரி. இரண்டு வருடம் கழித்து நெட்டுக்குத் தூக்கு விதித்தவரும் அவரே. 1880 நவம்பர் 11 அன்று நெட்டைத் தூக்கிலிட்டார்கள், பன்னிரண்டு நாளில் பாரியும் இறந்துபோனார். (இந்தப் பன்னிரண்டு நாளை வைத்து மர்மக் கதை பண்ணுகிறவர்கள் ஏராளம். தயவுசெய்து வேண்டாம்.)

என் கட்சி இது: பிள்ளைகளுக்கு ஒரு உண்மை, பெரியவர்களுக்கு ஒரு உண்மை என்று இரண்டு வைக்கக் கூடாது. பெரியவர்களுக்கான நூலில் இருக்கிற ஒவ்வொரு சாவும் பிள்ளைகளுக்கான நூலிலும் இருக்க வேண்டும். அங்கே எவ்வளவு நேரம் நிற்கிறோம், யார் பக்கத்தில் நிற்கிறோம் என்பது மட்டும் மாறலாம்.

#5 சுண்டெலி

"யார் பக்கத்தில்" என்றதும் ஞாபகம் வந்தது. ஸ்ட்ரிங்கிபார்க்கில் நாலாவது போலீஸ்காரர் ஒருவர் உண்டு, தப்பித்தவர். மெக்இன்டயர். பிள்ளைகளை அவர் பக்கத்தில் நிறுத்துங்கள்.

#6 நெடுஞ்சாலை

எல்லாரும் கெல்லியிலேயே நிற்கிறீர்கள். நான் வண்டி ஓட்டுகிற பாதையெல்லாம் வேறு வேறு ஆட்கள். புங்கை அக்காவின் நூலில் கெல்லிக்குப் பாதி இடம் போதும் என்பேன்.

முதல் புஷ்ரேஞ்சர் என்று சொல்லப்படுகிறவர் ஜான் சீசர், ஆப்பிரிக்க வம்சாவளி, பிரிட்டன் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிய முதல் கப்பல் தொகுதியில் வந்த கைதி. பசி தாங்காமல் திரும்பத் திரும்பக் காட்டுக்குள் ஓடியவர். 1796இல் சுட்டுக் கொன்றார்கள். அவர் தலைக்கு வைத்த பரிசு ஐந்து காலன் சாராயம். பணமே சரியாகப் புழங்காத குடியேற்றம் அது.

டாஸ்மேனியாவில் மேத்யூ பிரேடி. ஆளுநர் ஆர்தர் இவர் தலைக்கு விலை வைத்தார். பதிலுக்கு பிரேடி, "ஆர்தரைப் பிடித்து என்னிடம் ஒப்படைத்தால் இருபது காலன் ரம்" என்று அறிவிப்பு ஒட்டினார். பிள்ளைகள் சிரித்துப் புரளுவார்கள். 1826இல் தூக்கு என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1865இல் மட்ஜி பக்கம் சாம் பூ என்ற சீனர், ஒரு போலீஸ்காரரைக் கொன்றதாகப் பாதர்ஸ்டில் தூக்கிலிடப்பட்டார். தங்க வயல்களில் சீனர்களுக்கு எதிராக இருந்த வெறுப்பைச் சொல்லாமல் அவர் கதையைச் சொல்ல முடியாது.

அப்புறம் யூகௌரா. 1862 ஜூன் 15. ஃபோர்ப்ஸிலிருந்து வந்த தங்க வண்டி. மாட்டு வண்டிகளைக் குறுக்கே நிறுத்தி, முகத்தில் கரி பூசி, சிவப்புச் சட்டை போட்டு, பாறைக்குப் பின்னால் ஃபிராங்க் கார்டினர் கூட்டம். சுமார் 2,700 அவுன்ஸ் தங்கம், கூட 3,700 பவுண்ட் பணம். பெரியவர்களுக்கான தொடரில் இது ஒன்றே மூன்று பகுதி வரும்.

#7 புங்கை

நெடுஞ்சாலை தம்பி, பெண்களே இல்லையே உங்கள் பட்டியலில்! நான் மேரி ஆன் பக்கை வைத்திருக்கிறேன். வொரிமி என்ற பூர்வகுடி இனப் பெண், அப்பா கைதியாக வந்த ஆங்கிலேயர். சிட்னியில் அநாதைப் பள்ளியில் எழுதப் படிக்கக் கற்றவள். "கேப்டன் தண்டர்போல்ட்" என்ற ஃபிரெட் வார்டோடு காட்டில் வாழ்ந்தவள். வார்டு 1863இல் காக்கட்டூ தீவுச் சிறையிலிருந்து நீந்தித் தப்பினான். அதற்கு இவள்தான் தண்ணீரில் நீந்திப் போய் அரம் கொடுத்தாள் என்று ஒரு கதை. அத்தியாயத்தின் உச்சமாக அதை வைக்க நினைக்கிறேன்.

#8 பழையபேப்பர்

வைக்காதீர்கள். அந்தச் சமயம் அவள் டங்காக் பக்கம் வேலையில் இருந்தாள், தீவுக்கு நீந்திய கதை பின்னால் சேர்ந்தது என்று ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். ஒரு நல்ல கதைக்காக அவளுக்கு வேறொருவர் கற்பனையைப் போர்த்த வேண்டாம்.

நிஜமே போதும். கால்சட்டை போட்டுக் குதிரை ஏறினாள். ஊருக்குள் போய்ச் சாமானும் செய்தியும் கொண்டுவந்தாள். கத்தரிக்கோலின் ஒற்றை அலகைக் குச்சியில் கட்டி மாட்டை வீழ்த்தினாள். போலீஸ் விரட்டும்போது பிள்ளை பெற்று வளர்த்தாள். 1866இல் நாடோடி என்று சொல்லி அவளைச் சிறையில் போட்டார்கள். அந்தத் தீர்ப்பு நாடாளுமன்றத்தில் கேள்வியாகி, விடுவிக்க வேண்டியதாயிற்று. வார்டு 1870இல் யூராலா பக்கத்தில் சுடப்பட்டான். அவள் 1905 வரை வாழ்ந்தாள். கூட இருந்தவன் கதை முடிந்தபிறகு அவளுக்கு முப்பத்தைந்து வருட வாழ்க்கை. அதை எழுத ஆளில்லை.

#9 வன்னியூரான்

நீந்தின கதையை விடவேண்டாம் அண்ணை. "சிலர் இப்படிச் சொல்லுவினம்" எண்டு போட்டுவிட்டு, ஏன் அப்படி ஒரு கதை கட்டினவை எண்டு கேளுங்கோ. பத்து வயதுப் பிள்ளைக்கு அது விளங்கும்.

#10 பழையபேப்பர்

பெரியவர்களுக்கான தொடரில் சரி. பிள்ளை நூலில் படம் போட்டுவிட்டால் அவ்வளவுதான், படம்தான் மனதில் நிற்கும், "சிலர் சொல்வார்கள்" காணாமல் போய்விடும். என்ன சுண்டெலி?

#11 சுண்டெலி

படம் போடமாட்டேன். முடிந்தது.

#12 மட்டுறுத்துனர்

படத்தைப் பற்றிய விவாதம் ஓவியத் தொழிலுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளவும். இழை நன்றாகப் போகிறது.

#13 புங்கை

சரி, நீச்சல் போயிற்று. ஸ்ட்ரிங்கிபார்க்கை மெக்இன்டயர் பக்கத்திலிருந்து எழுதிப் பார்த்தேன்:

"நாலு போலீஸ்காரர்கள் காட்டில் கூடாரம் போட்டிருந்தார்கள். கெல்லியைப் பிடிக்க வந்தவர்கள். சீருடை இல்லை, சாதாரண உடுப்பு. இரண்டு பேர் சுற்றிப் பார்க்கப் போனார்கள். லோனிகனும் மெக்இன்டயரும் கூடாரத்தில் இருந்தார்கள். மெக்இன்டயர் கிளிகளைச் சுட்டார். அந்தச் சத்தம் காட்டில் வேறு யாருக்கோ கேட்டது.

மாலையில் புல்லுக்குள்ளிருந்து ஒரு குரல்: கையைத் தூக்கு! மெக்இன்டயரிடம் அப்போது துப்பாக்கி இல்லை. கையைத் தூக்கினார். லோனிகன் ஓடினார், துப்பாக்கியை எடுக்கப் போனார். நெட் சுட்டான். லோனிகன் செத்துப்போனார்.

மற்ற இருவரும் திரும்பி வந்தபோது, சரணடையச் சொல்லி மெக்இன்டயர் கெஞ்சினார். முதலில் அவர்கள் அதை வேடிக்கை என்று நினைத்தார்கள். பிறகு துப்பாக்கிகள் வெடித்தன. ஸ்கேன்லன் விழுந்தார். கென்னடி மரத்துக்கு மரம் ஓடிச் சண்டை போட்டார், அவரும் செத்துப்போனார். மெக்இன்டயர் கென்னடியின் குதிரையில் ஏறித் தப்பினார். குதிரையும் போனபின், மண்ணைத் தோண்டி வாழும் வாம்பட் என்ற பிராணியின் வளைக்குள் புகுந்து ஒளிந்தார். அடுத்த நாள் நடந்தே ஊருக்குப் போய் நடந்ததைச் சொன்னார்."

இதற்கு மேல் விவரிக்கவில்லை. கென்னடியின் கடைசி நிமிடத்தைப் பெரியவர்களுக்கான தொடருக்கு விட்டிருக்கிறேன்.

#14 வன்னியூரான்

நல்லா இருக்கு. "செத்துப்போனார்" எண்டு நேராகச் சொன்னது பிடிச்சிருக்கு. பிள்ளைகளின் பேச்சைக் கடைசியிலை ஒரு வரி சேருங்கோ, கென்னடி வீட்டிலை ஐந்து பேர், லோனிகன் வீட்டிலை நாலு பேர். அவ்வளவும் போதும்.

#15 நெடுஞ்சாலை

அந்த வாம்பட் வளை இருக்கிறதே, அதைக் கேட்டதும் எந்தப் பிள்ளையும் அடுத்த பக்கம் புரட்டும்.

ஜெரில்டெரி கடிதத்தையும் விடாதீர்கள். 1879இல் நெட் சொல்லச் சொல்ல அவன் கூட்டாளி ஜோ பர்ன் எழுதியது, 56 பக்கம், கிட்டத்தட்ட 8,000 வார்த்தை. போலீஸைத் திட்டும் இடத்தில் வாம்பட் தலை, மேக்பை பறவையின் கால் என்று காட்டிலுள்ள பிராணியெல்லாம் வருகிறது. கெல்லி கூட்டத்தார் ஜெரில்டெரி ஊரையே கையில் எடுத்துக்கொண்டு, போலீஸை அவர்கள் லாக்கப்பிலேயே பூட்டி, அவர்கள் சீருடையைப் போட்டுத் திரிந்தார்கள். ஞாயிறன்று நீதிமன்றக் கட்டடத்தில் பூசை நடக்கும். போலீஸ்காரரின் மனைவி அதைத் தயார் பண்ணப் போனபோது நெட்டின் தம்பி டேன் கெல்லி கூடப் போய் உதவினான். பக்தியா, காவலா என்று கேட்காதீர்கள். கடிதத்தை அச்சடிக்க வேண்டியவர் ஊரைவிட்டே ஓடிவிட்டார். முழுக் கடிதமும் 1930இல்தான் அச்சானது.

#16 பழையபேப்பர்

கடிதத்தில் சிரிப்பு மட்டும் இல்லை, மிரட்டலும் நிறைய. பெரியவர்கள் அதை முழுதாகப் படிக்கட்டும். படித்தால் தெரியும், அநீதிக்கு எதிரான குரலும் போலீஸுக்கு உதவுகிறவர்களைச் சொத்தோடு அழித்துவிடுவேன் என்கிற குரலும் ஒரே மூச்சில் வருகின்றன. இரண்டில் ஒன்றை மட்டும் உருவி எடுத்துப் போட்டவர்கள்தான் அதிகம்.

இவனைப் புகழ்வதைக் கண்டு அரசுகளுக்கும் பயம் இருந்தது. 1906இல் கெல்லியைப் பற்றி எடுத்த படம்தான் உலகின் முதல் முழுநீளக் கதைப்படம் என்கிறார்கள். ஐந்தாறு வருடத்துக்குள்ளாகவே தென் ஆஸ்திரேலியாவிலும் நியூ சவுத் வேல்ஸிலும் புஷ்ரேஞ்சர் படங்களுக்குத் தடை வந்துவிட்டது.

#17 புங்கை

அப்போது க்ளென்ரோவன். பிள்ளை நூலில் இதை யார் கண்ணால் காட்டுவது? பள்ளி ஆசிரியர் தாமஸ் கர்னோ என்று நினைக்கிறேன். பிள்ளைகளுக்கு ஆசிரியர் என்றால் ஒட்டும்.

#18 பழையபேப்பர்

சரியான ஆள். ஆனால் முன்கதை ஒன்று இருக்கிறது. 1880 ஜூன் 26 சனி இரவு ஜோ பர்ன் தன் பழைய கூட்டாளி ஏரன் ஷெரிட்டைக் கதவருகில் வைத்துச் சுட்டான், போலீஸுக்குத் துப்புக் கொடுத்தான் என்று. திட்டம் என்னவென்றால், செய்தி கேட்டதும் போலீஸ் ரயில் வரும், க்ளென்ரோவனில் தண்டவாளத்தைப் பெயர்த்து வைத்திருப்பார்கள், ரயில் கவிழும். ரயிலில் இருக்கும் எல்லாரும் சாவார்கள். காவியம் பாடுகிறவர்கள் இந்த இடத்தில் மெதுவாக நழுவிவிடுவார்கள்.

ஷெரிட்டின் வீட்டுக்குள்ளேயே காவலுக்கு நாலு போலீஸ்காரர்கள் இருந்தார்கள். பயந்துபோய் விடியும்வரை வெளியே வரவில்லை. அதனால் செய்தி தாமதம், ரயிலும் தாமதம். க்ளென்ரோவனில் ஆன் ஜோன்ஸின் விடுதியில் கெல்லி கூட்டத்தார் அறுபது பேர்வரை பிடித்து வைத்திருந்தார்கள். ஞாயிறு முழுக்கச் சீட்டு, நடனம், தாவிக் குதிக்கும் போட்டி. கர்னோவுக்குக் கால் சற்று ஊனம். கெல்லி பக்கம்தான் என்பதுபோல் நைச்சியமாகப் பேசி நம்பிக்கையைச் சம்பாதித்து, குடும்பத்தோடு வீட்டுக்குப் போக அனுமதி வாங்கினார். "பேசாமல் போய்ப் படு, சத்தம் போட்டுக் கனவு காணாதே" என்று நெட் சொல்லி அனுப்பியதாகக் கர்னோவே பின்னால் சொன்னார். வீட்டில் ஒரு மெழுகுவர்த்தி, தங்கையின் சிவப்புக் கழுத்துத்துணி, தீப்பெட்டி. தண்டவாளத்துக்கு நடந்தார்.

#19 சுண்டெலி

இதற்குப் படம் தானாக வந்துவிட்டது. இருட்டு, சிவப்புத் துணிக்குப் பின்னால் மெழுகு வெளிச்சம், நொண்டுகிற ஒரு உருவம். கவசமே தேவையில்லை.

#20 வன்னியூரான்

பிறகு அந்த விடுதியைப் போலீஸ் வளைச்ச முற்றுகையில் போலீஸ் குண்டு பட்டு ஆன் ஜோன்ஸின் 13 வயது மகனும் செத்தவன். மார்ட்டின் செரி எண்ட கிழவரும். விடுதியை எரிச்சதும் போலீஸ்தான். மூண்டு போலீஸ்காரரைப் பற்றி அவ்வளவு கேட்டனான், இதையும் கேட்கிறன். பிள்ளை நூலில் அந்தப் பெடியன் வருவானோ?

#21 புங்கை

வருவான், வன்னியூரான். பெயரோடு, ஜானி ஜோன்ஸ். கர்னோவின் ஊர்ப் பையன் என்றுதான் அறிமுகம். ஸ்ட்ரிங்கிபார்க்கைப் போலவே நேராக ஒரே வாக்கியம். பதிப்பாளர் பக்கம் என்ன சொன்னாலும் இதில் விட்டுக்கொடுக்கிறதாக இல்லை.

இன்னொன்று, குவீன்ஸ்லாந்திலிருந்து கொண்டுவந்த பூர்வகுடித் தடமறிவோர். நெட் உண்மையில் பயந்தது அவர்களுக்குத்தான். கெல்லி கூட்டத்தைப் பிடிக்க வைத்த 8,000 பவுண்ட் பரிசைப் பங்கிட்டபோது ஆளுக்கு 50 பவுண்ட் என்று எழுதினார்கள், ஆனால் காசை அவர்கள் கையில் கொடுக்க வேண்டாம் என்றும் கூடவே எழுதினார்கள். அதைப் பெரியவர்கள் தொடரில் ஒரு தனிப் பகுதியாகவே எழுதுகிறேன். பிள்ளை நூலில் அவர்கள் ரயிலில் வருகிறார்கள், இறங்குகிறார்கள், பரிசு விஷயம் கடைசிப் பக்கத்தில்.

கர்னோ அத்தியாயத்தை எழுதத் தொடங்கிவிட்டேன். ஒரு சந்தேகம்: அவர் நிறுத்தியது போலீஸ் இருந்த ரயிலையா?

#22 நெடுஞ்சாலை

இல்லை அக்கா. முன்னால் வெறும் எஞ்சின் ஒன்று வழி பார்த்துக்கொண்டு வரும், போலீஸும் குதிரைகளும் இருக்கிற ரயில் கொஞ்சம் பின்னால். கர்னோ நிறுத்தியது முன்னால் வந்த எஞ்சினை. அதிலிருந்து ஆள் போய்ப் பின்னால் வருகிற ரயிலுக்குச் சொன்னார்கள். இதை முதலிலேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ரயில் பைத்தியம் பிடித்த பையன் ஒருவன் வகுப்பில் கட்டாயம் இருப்பான், உங்களை விடமாட்டான்.